இன்சினியரு வாத்தியாராகப் போறாராம்

வா பேராண்டி, உக்காரு. கையில என்ன, பைலா? அடேயப்பா, என்ன கனம்! பத்தாவது மார்க் ஷீட்டு, பன்னெண்டாவது மார்க் ஷீட்டு, எட்டு செமஸ்டருக்கு எட்டுத் தாளு, பி.இ. மெக்கானிக்கல் டிகிரி, சாதிச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ். ஒவ்வொண்ணுக்கும் மூணு ஜெராக்ஸ் வேற. நடத்தைக்கு எதுக்குடே மூணு ஜெராக்ஸ்? ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணைக் காட்டவா?

"வாத்தியாராகப் போறேன் தாத்தா"ங்கெ. நல்ல காரியம்தான். அதை ஏன் சுவத்தைப் பாத்துச் சொல்லுத? நீ இன்சினியரிங் சேந்தப்ப உங்கப்பன் தெருவெல்லாம் லட்டு குடுத்தான். நானும் ரெண்டு தின்னேன். இப்ப பி.எட். சேரப் போறேன்னதும் அவன் டீக்கடைப் பக்கமே தலை காட்டக் காணோம். வாத்தியார் வேலைன்னா அம்புட்டு இளப்பமாப் போச்சு.

"வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை"ன்னு எங்க காலத்துல ஒரு சொலவடை. அதைச் சொன்னவன் இன்னைக்கு உசுரோட இருந்தா உன்கூட வரிசையில நிக்கச் சொல்லுவேன். வக்கத்தவன் இப்ப வாத்தியாராக முடியுமா? பி.எட். பீஸ் கட்டவே வக்கு வேணுமே. ரெண்டு வருசம் சம்பளமில்லாம சோறு திங்க வக்கு வேணும். டெட்டுங்கிற தகுதித் தேர்வுக்கு கோச்சிங் போக வக்கு வேணும். அதுக்குப் பொறவு, வாத்தியார் வேலைக்கு ஆளெடுக்கிற டிஆர்பி எப்ப நோட்டிபிகேசன் போடும்னு வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடக்க, எல்லாத்தையும் விடப் பெரிய வக்கு வேணும்.

இது உன் ஒருத்தன் கதை இல்ல. ஒரு சமயம் நம்ம மாநிலத்துல இன்சினியரிங் காலேசு மட்டும் ஐந்நூத்துச் சொச்சம். திருநெல்வேலியில பஸ் ஏறினா மதுரை போய் எறங்குததுக்குள்ள ரெண்டு பக்கமும் எண்ணி விரலு வலிச்சுப் போகும். படிச்சவனுக்கெல்லாம் மிசினு எங்க இருக்கு? ஒருத்தன் பேங்க் பரீட்சை எழுதினான், ஒருத்தன் சோத்துப் பொட்டலத்தை பைக்குல கொண்டுபோய்க் குடுத்தான். மிச்சம் இருந்தவன் கண்ணுக்கு, சின்ன வயசுல தான் கல்லெறிஞ்ச பள்ளிக்கூடம் திடீர்னு அழகாத் தெரிஞ்சிருக்கு.

சர்க்காரும் பாத்துச்சு. வாத்தியார் படிப்புக்கெல்லாம் டெல்லியில ஒரு பெரிய ஆபீசு உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். என்.சி.டி.இ.ம்பாங்க. கணக்கும் சயின்சும் கலந்த இன்சினியரிங் படிப்புல 55 சதவீதம் வாங்கினவனும் பி.எட். சேரலாம்னு 2014-ல விதி போட்டாங்க. நம்ம ஊர்ல 2015-ல கதவைத் திறந்தாங்க. இன்சினியர்களுக்குன்னே 20 சதவீத இடம் ஒதுக்கினாங்க. சரி, ஒருத்தன் சேந்துட்டான், முடிச்சிட்டான். முடிச்சவன் எந்தப் பாடத்தை நடத்துவான்? ஆறாம் வகுப்புல மெக்கானிக்கல்னு ஒரு பாடம் இருக்கா? எட்டாம் வகுப்புல எலக்ட்ரிக்கல் உண்டா? அதுக்கு 2019 டிசம்பர்லதான் பதில் வந்துச்சு. பி.இ.யும் பி.எட்.டும் முடிச்சவன் டெட் தேறினா 6 முதல் 8 வரைக்கும் கணக்கு நடத்தலாம்னு ஒரு அரசாணை. விருந்தாளியை வா வான்னு உள்ள கூப்பிட்டுட்டு, நாற்காலி எங்கன்னு தேட நாலு வருசம்.

அதனால காசு கட்டுததுக்கு முன்னால உன் டிகிரி பேரை எடுத்து அரசாணையோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாரு. பி.எஸ்சி. கணிதம்னா தொல்லை இல்ல. காலேசுக்காரன் அழகுக்காக 'கணினிப் பயன்பாட்டுடன்'னு பின்னால ஒரு வாலை ஒட்டியிருந்தான்னு வையி, வால் வச்ச கணிதமும் வால் இல்லாத கணிதமும் ஒண்ணுதானான்னு ஒரு குழு உக்காந்து பேசணும். இணைத்தன்மைம்பாங்க அதை. ஒண்ணுதான்னு ஆணை வந்தா நீ வாத்தியார். வராட்டா நீயும் உன் வாலும்.

ஒண்ணாப்பு ரெண்டாப்பு எடுக்கணும்னு ஆசை இருந்தா அதை இப்பவே மடிச்சு வச்சிரு. பி.எட். படிச்சவங்களும் 5-ஆம் வகுப்பு வரைக்கும் நடத்தலாம்னு 2018-ல என்.சி.டி.இ. ஒரு உத்தரவு போட்டுச்சு. 2023 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாதுன்னுட்டுது. சின்னஞ்சிறுசுகளுக்குன்னு தனியா ரெண்டு வருச டிப்ளமோ இருக்கு, அதைப் படிச்சவங்கதான் அங்க போகணும். எனக்கு அது சரின்னுதான் படுது. ஒரு கையால மூக்கைச் சிந்தி விட்டுக்கிட்டு மறு கையால 'அ' எழுதப் பிடிச்சு விடுத வித்தை உனக்கு வருமா? அவசரத்துக்கு டவுசர் பட்டன் அவுத்து விடத் தெரியுமா?

எங்க வாத்தியாரு எட்டாங்கிளாசு படிச்சவரு. அதுக்கு மேல ரெண்டு வருசம் ட்ரெயினிங். ஹையர் கிரேடும்பாங்க. புள்ளைக மனசை ஆராய்ஞ்ச பியாஜே யாருன்னு அவருக்குத் தெரியாது. பின்வரிசையில எவன் காலையில கஞ்சி குடிக்காம வந்திருக்கான்னு தெரியும். அதுக்காக அந்தக் காலமே சொர்க்கம்னு அளக்க மாட்டேன். அதே மனுசன் கணக்கு வராட்டா கையை நீட்ட வச்சு பிரம்பால விளாசுவாரு. எனக்கு வாய்ப்பாடும் வந்துச்சு, வீக்கமும் வந்துச்சு. இப்பப் புள்ளையைத் தொட்டா கேசு. கம்பில்லாம கணக்குச் சொல்லணும்னா அதுக்குன்னு நாலு விசயம் படிக்கத்தான் வேணும்.

பி.எட். முந்தி ஒரு வருசந்தான். 2015-ல இருந்து ரெண்டு வருசம் ஆக்கினாங்க. இப்ப முதுகலை முடிச்சவனுக்கும் நாலு வருச டிகிரிக்காரனுக்கும் மறுபடியும் ஒரு வருசமே போதும்னு பேசிக்கிட்டு இருக்காங்க. "நாலு வருச டிகிரின்னா நானுந்தானே"ன்னு உடனே துள்ளாத. பேசுததுக்கும் அச்சாகி வாரதுக்கும் நடுவுல எத்தனை மழை பெய்யணுமோ! இன்னொரு வழியும் இருக்கு. பன்னெண்டாவது முடிச்ச கையோட நாலே வருசத்துல டிகிரியும் பி.எட்.டும் சேத்து வாங்கிக்கிடலாம். உனக்கு அந்த பஸ்ஸு போயி எட்டு வருசம் ஆச்சு.

உள்ள என்னதான் சொல்லிக் குடுக்காங்கன்னு கீழத்தெருப் பொண்ணு ஒருத்தி புஸ்தகத்தை வாங்கிப் பாத்தேன். திருப்பின பக்கமெல்லாம் மிருகக் காட்சிசாலை. பாவ்லோவ்னு ஒரு ரஷ்யாக்காரரு மணி அடிச்சு அடிச்சு நாய்க்குத் தீனி வச்சாராம். பொறவு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சி ஊறிச்சாம். அடுத்தாப்புல தார்ன்டைக்கோட பூனை. கூண்டுக்குள்ள கெடந்து பிறாண்டிப் பிறாண்டி, தற்செயலாத் தாழ்ப்பாள் தட்டுப்பட்டு வெளிய வந்துச்சாம். அதுக்கடுத்து ஸ்கின்னரோட எலி. கடைசியா கோலர்ங்கிற ஜெர்மன்காரரு சோதிச்சுப் பாத்த சிம்பன்சி. பேரு சுல்தானாம். ரெண்டு குச்சியை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, எட்டாத பழத்தை இழுத்துத் தின்னுச்சாம். "ஏம்மா, மாட்டாஸ்பத்திரிப் படிப்பா படிக்கெ?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு புஸ்தகத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டா.

சிரிக்காதடே. பொறவு ராத்திரி யோசிச்சேன். அந்தக் கதையில விசயம் இருக்கு. நாலு மணி பெல்லு சத்தம் கேட்டதுமே பையைக் கட்டுதான் பாரு, அவன் பாவ்லோவ் ஆளு. தப்புத் தப்பாப் போட்டு ஒரு நாள் வகுத்தல் பிடிபடுது பாரு, அவன் பூனைக் கட்சி. மோட்டைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "ஆங், புரிஞ்சிட்டு சார்!"னு எந்திரிச்சுக் கத்துதான் பாரு, அவன்தான் சுல்தான். கூத்து எங்கன்னா, படிக்கிற ஆளுக பேரையும் பிராணியையும் மட்டும் நெட்டுருப் போடுதாங்க. எந்த ஆளுக்கு எந்தப் பிராணின்னு டெட்டுல கட்டத்தைக் கருப்படிச்சுட்டு வந்துருதாங்க. சுல்தானை மனப்பாடம் பண்ணித் தேறினவன் முன்னால நெசமான சுல்தான் எந்திரிச்சு நின்னா, "ஏலே, உக்காருலே"ன்னு அதட்டுதான்.

நுண்ணிலை கற்பித்தல்னு ஒண்ணு. அமெரிக்காவுல ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல 1960-கள்ல உண்டாக்கினதாம். அஞ்சாறு நிமிசப் பாடம், அஞ்சாறு புள்ளைக, ஒரே ஒரு திறமை. யோசனை நல்ல யோசனைதான். ஆனா இங்க புள்ளைகளா உக்காருதது யாரு? கூடப் படிக்கிற ஆளுகதான். வீட்டுல கைக்குழந்தையை மாமியாகிட்ட விட்டுட்டு வந்தவ ஆறாங்கிளாசுப் புள்ளையா நடிக்கணும். கேள்வி கேட்ட மாத்திரத்துல டக்குன்னு சரியாப் பதில் சொல்லணும். ஏன்னா அடுத்த முறை அவ நடத்தும்போது நீ சொல்லணுமே! கேட்டதும் பதில் சொல்லுத புள்ளைக எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கு, சொல்லு, நானும் போய்ப் பாத்துட்டு வாரேன். குரலை ஏத்தி எறக்கி, அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து, கையை ஆட்டிப் பேசுததுக்குப் பல்வகைத் தூண்டல் திறன்னு பேரு வச்சிருக்காங்க. வில்லுப்பாட்டுக்காரங்க அதுக்கு எந்தக் காலேசுல பீஸ் கட்டினாங்களோ!

ரெக்கார்டு நோட்டு, சார்ட்டு, தெர்மாகோலு, இதெல்லாம் காலேசு வாசல்ல இருக்கிற கடைக்காரன் பிழைக்கதுக்கு. அவனும் பிழைக்கட்டும். நீ கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். ரெண்டு வருசத்துல மொத்தம் 20 வாரம் நெசப் பள்ளிக்கூடத்துல நிக்கணும்னு விதி இருக்கு. அதுல 16 வாரம் ரெண்டாம் வருசத்துல வரும். அந்த 20 வாரந்தான்டே படிப்பு. அதையும் வராமலே வந்ததா எழுதிக் குடுக்கிற இடம் அங்கங்க உண்டு. 'நான்-அட்டெண்டிங்'னு பேராம். வந்து படிச்சா ஒரு பீஸு, வராம இருந்தா அதை விடக் கூடுதல். உலகத்துல கெடைக்காத சரக்குக்குக் கூடக் காசு குடுக்கிறவனை நான் அங்கதான் பாத்தேன்.

போன ஆவணியில மேலத்தெரு சிவில் இன்சினியர் பய ஒருத்தன் வந்தான். "தாத்தா, நாளைக்கு எனக்கு டீச்சிங் பிராக்டிசு. நீங்க ஆறாங்கிளாசுப் பையன்னு வச்சுக்கோங்க"ன்னான். எனக்கென்ன, வச்சுக்கிட்டேன். திண்ணையில சம்மணம் போட்டு உக்காந்தேன். சார்ட்டைச் சன்னல் கம்பியில மாட்டினான். ஒரு வட்டத்துல பாதி சிவப்பு, இன்னொரு வட்டத்துல மூணுல ஒண்ணு பச்சை. அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டணும். விறுவிறுன்னு மீ.சி.ம. எடுத்தான், கீழ ஆறுன்னான், மேல மூணுன்னான், ரெண்டுன்னான், ஆறுல அஞ்சுன்னு முடிச்சான். "புரிஞ்சுதா?"ன்னான்.

"புரியல சார். மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சுல ரெண்டுன்னு போட்டா என்ன சார்? சுலுவா இருக்கே?"

"அப்படிப் போடக் கூடாது."

"ஏன் சார்?"

"அது ரூலு."

"ரூலை யாரு சார் போட்டா?"

பய முழிக்கான். பாலத்துக்குப் பாரம் தாங்குமான்னு கணக்குப் போட்ட பய. இன்டெக்ரேசன் மூணு அடுக்குப் போட்ட பய. அரையும் மூணுல ஒண்ணும் அவனைக் கவுத்துருச்சு. அதட்டலாம்னா எதுக்கால இருக்கது தாத்தா. எனக்கே பாவமாப் போச்சு.

"ஏலே, உனக்கு ஒரு ஏக்கருல பாதி இருக்கு. எத்தனை செண்டு?"

"அம்பது."

"உங்க சித்தப்பன் இன்னொரு ஏக்கருல மூணுல ஒரு பங்கை உன் பேருக்கு எழுதி வைக்கான். அது எத்தனை?"

"முப்பத்து மூணு சொச்சம்."

"நான் சொன்ன அஞ்சுல ரெண்டுன்னா எத்தனை செண்டு?"

கணக்குப் போட்டான். "நாப்பது."

"அம்பது செண்டு வச்சிருந்த பயலுக்கு மேற்கொண்டு நிலம் எழுதி வச்சா நாப்பதாக் கொறையுமாடே? கொறைஞ்சா தாலுகாபீசுக்குல்ல ஓடணும்!"

பய என் காலைத் தொட வந்தான். "போடே, நான் ஆறாங்கிளாசு"ன்னு காலை மடக்கிக்கிட்டேன்.

இதை லீ ஷுல்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1986-ல பெரிய கட்டுரையா எழுதியிருக்காராம். பாடம் தெரியுதது வேற, அந்தப் பாடத்துல புள்ளை எந்த எடத்துல மாட்டிக்கிட்டு நிக்கும்னு தெரியுதது வேற, ரெண்டாவதும் தனி அறிவுதான்னு. கீழத்தெருப் பொண்ணு புஸ்தகத்துல அதுவும் இருந்துச்சு, நாய்க்குப் பின்னால எங்கயோ. "கணக்குதானே, நான் பி.இ. தாத்தா, ஊதித் தள்ளிருவேன்"னு நேத்து சொன்னெ பாரு, அதுக்குத்தான் இம்புட்டுக் கதை. உனக்கு ஒரு கணக்கு ஒரே தடவையில புரிஞ்சிருந்தா, அது ஏன் இன்னொருத்தனுக்குப் புரியலைங்கிறது உனக்கு ஜென்மத்துக்கும் புரியாது. கணக்குல ரெண்டு தடவை பெயிலானவன் உன்னை விட நல்ல வாத்தியாரா வரலாம். கோவிச்சுக்கிடாத.

சரி, பி.எட். முடிச்சாச்சு. வேலை வந்துருமா? பைய வா. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பொறவு, 2010 ஆகஸ்டுல, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நடத்தப் போறவன் தகுதித் தேர்வு தேறணும்னு வச்சாங்க. அதுதான் டெட்டு. 150 மார்க்கு, பொதுப் பிரிவுக்கு 90 எடுக்கணும். நம்ம ஊர்ல மொத டெட்டு 2012 ஜூலையில. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். கேள்வியைப் படிக்கவே நேரம் பத்தல, பதிலை எங்க யோசிக்க? ஆறு லட்சத்துக்கு மேல எழுதினாங்க, தேறினது 2,448 பேரு. ஊரே வாத்தியார்மாரைப் பாத்துச் சிரிச்சுச்சு. பரீட்சை வச்சவனைப் பாத்து யாரும் சிரிக்கல. அதே வருசம் அக்டோபர்ல மூணு மணி நேரமாக்கி இன்னொரு தடவை வச்சாங்க. நேரத்தைக் கூட்டினதும் அறிவும் கூடிருச்சு பாரு, தேறினவங்க எண்ணிக்கை ஏறிருச்சு.

டெட் சர்ட்டிபிகேட்டு ஏழு வருசந்தான் செல்லும்னாங்க. காத்திருந்தே காலாவதி ஆனவங்க எத்தனையோ பேரு. 2021-ல ஆயுசுக்கும் செல்லும்னு மாத்தினாங்க. ஆயுசுக்கு நீதான் பொறுப்பு.

அதோட விட்டாங்களா? 2018-ல அரசாணை 149-னு ஒண்ணு. டெட் தேறினா மட்டும் பத்தாது, வேலைக்குன்னு தனியா ஒரு போட்டித் தேர்வு எழுதணும்னு. தகுதி இருக்குன்னு ஒரு தேர்வு வச்சுச் சொல்லிட்டு, அந்தத் தகுதிக்குத் தகுதி இருக்கான்னு இன்னொரு தேர்வு! சரி, அதையாவது வெரசா வச்சாங்களா? பட்டதாரி ஆசிரியருக்கு அந்தப் போட்டித் தேர்வு 2024 பிப்ரவரியிலதான் நடந்துச்சு. அதுலயும் முன்வாசல்ல தமிழ்த் தகுதித் தாளு நிக்கி. 50 மார்க்குக்கு 20 எடுக்காட்டா உன் பாடத் தாளைக் கையால தொட மாட்டாங்க. நீ எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். 'ல'வுக்கும் 'ள'வுக்கும் வாட்சப்புல நீ படுத்துத பாட்டை நான்தான் பாக்கேனே. அதுல இன்னைக்கே கை வையி.

நீ மட்டும் பரீட்சை எழுதுதேன்னு அழாத. 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிச்சு. ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல பாக்கி இருந்தா, ஏற்கெனவே வேலையில இருக்கிற வாத்தியாரும் ரெண்டு வருசத்துக்குள்ள டெட் தேறணும்னு. இனிமே இருபது வருசம் பாடம் நடத்தின சாரும், அவருகிட்டக் குட்டு வாங்கின பயலும் பரீட்சை ஹாலுக்கு வெளிய வேப்பமரத்தடியில ஒரே கைடை வச்சுக்கிட்டு நிப்பாங்க. "ஏலே, கூண்டுக்குள்ள கெடந்தது நாயா பூனையா?"ன்னு சார் கேப்பாரு. எனக்கு இதுல ரெண்டு மனசு. வாத்தியார் பரீட்சைக்குப் பயப்படக் கூடாதுதான். ஆனா ஒருத்தரு நல்லா நடத்துதாரான்னு தெரிய, இருபது வருசமா அவரு வகுப்பு வாசல்ல போய் நின்னு பாக்காதவங்க, இப்பக் கட்டத்தைக் கருப்படிக்கச் சொன்னாத் தெரிஞ்சிருமா?

இன்னொரு வேடிக்கை கேளு. ஆறாங்கிளாசுப் புள்ளைக்கு அரையும் காலும் சொல்லிக் குடுக்க டிகிரி, பி.எட்., டெட், போட்டித் தேர்வு. நீ படிச்ச இன்சினியரிங் காலேசுல உனக்குப் பாடம் எடுத்தாரே, அவருக்கு? எம்.இ. இருந்தாப் போதும். வேலைக்குச் சேர, எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு அவரு முன்கூட்டியே யாருகிட்டயும் படிச்சிருக்க வேண்டாம். அவரு பாடம் எடுத்த லட்சணத்தை நீயே எங்கிட்டப் பாதி ராத்திரி வரைக்கும் புலம்பியிருக்கெ. அதைப் பாத்த பொறவும் பி.எட். வீண்னு சொல்லுவியா?

குறுக்கு வழியில வந்தவன்னு எவனாவது உன்னை ஏளனம் பண்ணினா எழும்பூர்க் கதையைச் சொல்லு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியாரு. 1789-ல எழும்பூர்ல, ராணுவத்துக்காரங்களோட அனாதைப் பையன்களுக்கான பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிட வந்தாரு. வாத்தியார் ட்ரெயினிங் எதுவும் படிச்சவரில்ல. ஒரு நாள் போற வழியில நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக மணல்ல விரலால எழுதுததைப் பாத்தாரு. அதைத் தன் பள்ளிக்கூடத்துல செய்யச் சொன்னா, சம்பளம் வாங்குத வாத்தியார்மாரு நடக்காதுன்னாங்க. எட்டு வயசுப் பையன் ஒருத்தனை விட்டுச் சின்னப் புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க வச்சாரு. நடந்துச்சு. 1797-ல லண்டன்ல புஸ்தகமாப் போட்டாரு. மெட்ராஸ் சிஸ்டம்னு அது இங்கிலாந்து பூராவும் பரவிச்சு. நம்ம திண்ணை மணலு அங்க போய்ச் சிஸ்டம் ஆயிருச்சு.

உடனே ட்ரெயினிங்கே வேண்டாம்னு தீர்மானம் போட்டுராத. சைதாப்பேட்டையில ஒரு ஆசிரியர் கல்லூரி இருக்கு. 1856-ல ஆரம்பிச்சது. தத்துவத்தைக் கரைச்சுக் குடிச்ச ராதாகிருஷ்ணன் பிரசிடென்சி காலேசுல வேலைக்குச் சேந்த பொறவும், 1910-ல அங்க போய்த்தான் எல்.டி. படிச்சாரு. செப்டம்பர் 5 அன்னைக்கு எந்த மனுசரு பேரைச் சொல்லி வாத்தியார்மாருக்குப் பூ குடுக்கோமோ, அவரே பெஞ்சில உக்காந்து எந்திரிச்சவரு. உனக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?

பரீட்சை, கோர்ட்டு எல்லாம் முடியுத வரைக்கும் என்ன செய்யன்னு கேப்பெ. தனியார் பள்ளிக்கூடம் இருக்கு. டெமோ கிளாசு எடுக்கச் சொல்லுவான். கோட்டு சூட்டு மாட்டி, புரொஜெக்டரு போட்டு, இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சுழட்டினா எடுத்துக்கிடுவான். சம்பளத்தைச் சொல்லும்போது மட்டும் தமிழ்ல மெதுவாச் சொல்லுவான். சர்க்கார் பள்ளிக்கூடத்துல தற்காலிகம்னு 2022-ல மேலாண்மைக் குழு மூலமா எடுத்தாங்க. பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 10,000 ரூபாய். கொத்தனாருக்குச் சித்தாள் நின்னா அதை விடக் கூடக் கெடைக்கும். சித்தாளுக்கு டெட்டும் கெடையாது. இருந்தாலும் புள்ளைக முகம் பழகும்னு போனவங்க இருக்காங்க. அவங்களை நான் கும்பிடுதேன். டீச் ஃபார் இந்தியான்னு ஒண்ணும் உண்டு. பி.எட். இல்லாமலே ரெண்டு வருசம் ஏழைப் புள்ளைகளுக்கு நடத்தலாம். முடிஞ்சு வரும்போது அனுபவம் கெடைக்கும், லைசென்சு கெடைக்காது.

கடைசியா ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லு. வேற வேலை கெடைக்காம வாரியா, புள்ளைகளைப் பிடிச்சு வாரியா? வேலை கெடைக்காம வந்தாலும் தப்பில்ல. பெத்தவங்க பாத்து வச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டுப் பொறவு உசுரை விட்டவனெல்லாம் ஊருல இருக்கான். ஆனா வந்த பொறவும் "நான் இன்சினியர், ஏதோ கெரகம் இங்க இருக்கேன்"னு நினைச்சுக்கிட்டே போர்டைப் பாத்து நின்னா, முதுகுக்குப் பின்னால நாப்பது ஜோடிக் கண்ணு அதைக் கண்டுபிடிச்சுரும். புள்ளைககிட்டப் பொய்ச் சான்றிதழ் செல்லாது.

நாளைக்கு விடிஞ்சதும் நம்ம ஊரு நடுநிலைப் பள்ளிக்குப் போ. ஹெட்மாஸ்டரம்மாகிட்ட நான் அனுப்பிச்சேன்னு சொல்லு. கணக்கு வாத்தியார் எடம் ரொம்ப நாளாக் காலியாத்தான் கெடக்கு. ஒரு வாரம் சம்பளமில்லாம ஏழாங்கிளாசுல நில்லு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு வார மொத பீரியடுல புள்ளைக பாதித் தூக்கத்துல இருக்கும், அதைக் கேட்டு வாங்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் திங்கக்கிழமை போகணும்னு தோணிச்சுன்னா பி.எட். அப்ளிகேசன் போடு. கடைசித் தேதி வரைக்கும் கெடக்காத, அன்னைக்குச் சர்வரு படுத்துரும்.